மூன்றாம் பெல்ட்டின் சாட்சி

மாத்திரைக் கம்பெனியின் மூன்றாம் பெல்ட்டில் புதிதாகச் சேர்ந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு ஒரே மாதத்தில் ஐம்பத்தேழு வயதாகிவிட்டது. முதலில் காதோரம் நரைத்தது, பிறகு முழங்கால் பிடித்துக்கொண்டது, சம்பள நாளன்று பக்கத்து பெல்ட்காரியிடம் மூக்குக்கண்ணாடியை இரவல் கேட்டாள். கம்பெனி டாக்டர் ரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்தார். அங்கேயே செய்ததுதான், செலவா என்ன!

அவளுக்கு முன் அந்த நாற்காலியில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவளைப் பெரியக்கா என்பார்கள். பெல்ட்டில் ஓடிவரும் மாத்திரைப் பட்டைகளில் மாத்திரை விழாத குழியைக் கண்டு, அந்தப் பட்டையை எடுத்துவிடுவதுதான் வேலை. ஆள் தூங்குகிறாளா என்று பார்க்க சூப்பர்வைசர் வேண்டுமென்றே குறைப் பட்டைகளை நடுவில் செருகிவிடுவார். அந்த வித்தை பெரியக்காவிடம் ஒருநாளும் பலித்ததில்லை. இருந்தும் வேகம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் புருஷன் படுத்த படுக்கை, இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? வயதுக்காகத்தான் அனுப்பினார்கள் என்று வழக்குப் போட்டாள். வயதென்று யாராவது வாய்திறந்து சொன்னார்களா, சாட்சி உண்டா என்று கேட்டார் கம்பெனி வக்கீல். சொல்லவில்லைதான். அதைச் சொல்லி மாட்டிக்கொள்ள யார் அசடு? வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது.

இதற்கிடையில் நரைத்துப்போன பெண்ணையும் கம்பெனி நிறுத்தியது. அவளும் ஒரு குறைப் பட்டையைக்கூடத் தவறவிட்டதில்லை. முதல் வாரம் கெட்டிக்காரி என்று மெச்சிய அதே சூப்பர்வைசர்தான், "வேகம் போதலம்மா. வீட்ல ரெஸ்ட் எடுங்க," என்றார். அதுவரை வா, போ என்று பேசியவர். அவள் நேரே பெரியக்கா வீட்டுக்குப் போனாள். தன் இடத்தைப் பிடித்தவள் என்று பெரியக்காவுக்கு ஏக வயிற்றெரிச்சல். ஆனால் கதவைத் திறந்து அந்த முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

பெரியக்காவுக்குச் சாட்சியாக வந்த அந்தப் பெண்ணை நீதிபதி கூண்டில் ஏற்றி, பிறப்புச் சான்றிதழையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் அதே ஆள், வேலை அதே வேலை, பிழை ஒன்றுமில்லை; மாறியது வயது மட்டும்தான், இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்றார். வயது எப்படி ஏறியது என்று வக்கீல் கேட்கப்போக, அது இந்த வழக்கில் வரவில்லை என்று உட்காரவைத்தார். இருவருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. போன வருடங்களைத் திருப்பித் தர மட்டும் சட்டத்தில் வழியில்லை என்று நீதிபதி மனம் வருந்திச் சொன்னார்.

இப்போது இருவரும் பக்கத்துப் பக்கத்து பெல்ட்டில் உட்காருகிறார்கள். அந்தப் பெண்ணின் தாய்க்கு வயது நாற்பத்தாறு. காலையில் மகளின் நரைமுடியை வாரிப் பின்னி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிவருகிறாள்.

"உங்கம்மாவப் பாத்து ஏத்துங்க," என்கிறார் கண்டக்டர்.

சரி என்று தலையாட்டிவிட்டு அவள் மகளை ஏற்றிவிடுகிறாள்.