ரவ்தாவுக்குக் கிடைத்த நிரந்தர வேலை

ரவ்தா செய்தியறையை விட்டுக் கல்லூரிக்கு வந்த கதையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது வகுப்பில் சொல்லிவிடுவாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம் அது. அன்றைக்கு மட்டும் யாரும் கைப்பேசியைப் பார்க்க மாட்டார்கள்.

துனிசியாவின் தலைநகர் துனிஸில் ஒரு நாளிதழில் இருபது வருஷத்துக்கு மேல் நிருபராக இருந்தவள் அவள். துறைமுகத்தில் காணாமல் போன கோதுமை, கட்டாத பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய மேஜை நாற்காலி என்று எழுதி எழுதிப் பேர் வாங்கியவள். புரட்சி முடிந்து, பத்திரிகைகளின் வாய்ப்பூட்டு கழன்றிருந்த காலத்தில் அவள் கையில் வந்து விழுந்தது தண்ணீர் விவகாரம்.

வடமேற்கு மலைப்பக்கம் ஒரு பாட்டில் தண்ணீர் கம்பெனி. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க இதைவிட நல்ல தண்ணீர் இல்லை என்று நாடு முழுக்க விளம்பரம். அதன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நவ்ஃபல் ஒருநாள் அவளைத் தேடி வந்தான். வயல்களில் கொட்டிய உரம் கிணறுவரை இறங்கிவிட்டது, கைக்குழந்தைக்கு ஆகாத நைட்ரேட்டின் அளவு எகிறிவிட்டது, தெரிந்தே அடைத்து விற்கிறார்கள் என்றான். பயந்த சுபாவம். பேசும்போது தேநீர்க் கோப்பையைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

"என் பேரு வெளிய வந்தா நான் செத்தேன், மதாம். வீட்ல மூணு மாசக் குழந்தை இருக்கு."

"வராது. என் பத்திரிகை ஆசிரியர் ஒருத்தருக்கு மட்டும் சொல்லணும், அது எங்க தொழில் முறை. அவரைத் தாண்டிப் போகாது."

"அவரு எப்படி?"

"நான் எப்படியோ அப்படித்தான் அவரும்."

ஆசிரியர் லம்ஜத் அவளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் இல்லை. அவளோடு சேர்ந்து வேலை கற்றுக்கொண்டவர். இரண்டு பேரும் ஒரே வருஷம் உள்ளே நுழைந்து, ஒரே மேஜையில் அரைச் சம்பளத்துக்கு எழுதியவர்கள். அலுவலக மாடியின் பால்கனியில், கீழே டிராம் இரைந்துகொண்டு போகும்போது, அவர் காதோடு அவள் அந்தப் பேரைச் சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்து, "இங்க போட்டுப் பூட்டிட்டேன்" என்றார்.

கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் நவ்ஃபலை வீட்டிலிருந்து போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கம்பெனியின் ஆவணங்களைத் திருடினான் என்று வழக்கு. தகவல் கொடுத்தவன் உள்ளே போனதும் கட்டுரையும் போயிற்று. லம்ஜத் பத்திரிகை முதலாளியின் அறைக்குள் நுழைந்து தன் பத்திரிகையாளர் அட்டையை மேஜையில் விட்டெறிந்துவிட்டு வெளியே வந்தார். செய்தியறை எழுந்து நின்று கைதட்டியது. ரவ்தா அழுதுகொண்டே கைதட்டினாள்.

கொஞ்ச நாளில் லம்ஜத் இதழியல் கல்லூரிக்கு இயக்குநராகப் போனார். போன வேகத்தில் அவளுக்கும் ஆள் அனுப்பினார். "வா ரவ்தா. அங்க இனி எழுத விட மாட்டானுங்க. இங்க வந்து எழுதறவங்களை உருவாக்கு." அவளும் போனாள். போலீஸுக்குப் பேர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் இருந்தது: தொலைபேசியை ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள். லம்ஜத் சொன்னார், எல்லாரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள்.

வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டம் முடித்தாள். தகவல் தருபவரைக் காப்பது எப்படி என்பதே ஆய்வு. முதல் பக்கத்தில் லம்ஜத்துக்குச் சமர்ப்பணம். பன்னிரண்டு வருஷம் ஓடிற்று. இந்த வசந்தத்தில்தான் பேராசிரியர் ஆனாள். அதே மாதம் லம்ஜத் ஓய்வு பெற்றார்.

பிரிவுபசார விழாவில் பேச அவளைத்தான் அழைத்தார்கள். ஒரு நல்ல பத்திரிகை ஆசிரியர் எழுத்தைத் திருத்துகிறவர் அல்ல, எழுதுகிறவளுக்காகத் தன் நாற்காலியை உதறுகிறவர் என்றாள். முன்வரிசையில் லம்ஜத் கைக்குட்டையை எடுத்தார். கூட்டமும் மூக்கை உறிஞ்சியது.

பிறகு முற்றத்து ஆரஞ்சு மரங்களுக்குக் கீழே சாப்பாடு. ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் போட்ட குஸ்குஸ் என்ற கோதுமை ரவைச் சோறு. ரவ்தாவுக்குப் பக்கத்தில் ஸுபைர் என்பவர் வந்து உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர்க் கம்பெனியின் விளம்பர அதிகாரி. இப்போது தனியாக விளம்பர நிறுவனம் வைத்து, கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கிற பெரிய மனிதர். முதலில் அவள் முகம் சுளித்தாள். வயதானவர், விருந்தாளி என்று பொறுத்துக்கொண்டாள்.

"நல்லா பேசினீங்க, மதாம் ரவ்தா," என்றார் எலும்பைக் கடித்தபடி. "எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அந்தப் பழைய சங்கடமெல்லாம் நீங்க மனசுல வச்சுக்கலைன்னு பார்க்க சந்தோஷமா இருக்கு."

"எந்தச் சங்கடம்?"

"அதான், அந்த ஆய்வுக்கூடப் பையன் விஷயம். எல்லாருக்கும் தலைவலி. ஆனா ஒண்ணு சொல்றேன், லம்ஜத் மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. பேரைச் சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டாரு, 'என் வேலை அப்புறம். முதல்ல ரவ்தாவுக்கு ஒரு வேலை, அதுவும் நிரந்தர வேலை, எழுதிக் கொடுத்தாத்தான் வாயைத் திறப்பேன்'னு. எங்க முதலாளி அமைச்சகத்துக்கு அலையா அலைஞ்சு வாங்கிக் கொடுத்தாரு. உங்களுக்காக எவ்வளவு பேரம் பேசினாருங்கறீங்க! எவன் செய்வான் அப்படி?"

ரவ்தா கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தாள். அவர் முகத்தில் கேலியும் இல்லை, வன்மமும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் புகழ்கிறார். அவள் மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். இந்த மேஜையில் இன்னும் எத்தனை பேர் அப்படி நினைத்துக்கொண்டு கறி தின்கிறார்கள்?

"அந்த ஹரீஸா மிளகாய் விழுதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க," என்றார் ஸுபைர். அவள் தள்ளினாள்.

லம்ஜத்தை வாகனம் நிறுத்துமிடத்தில் பிடித்தாள். கைநிறையப் பூங்கொத்துகளோடு கார்க் கதவைத் திறக்கத் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"ரவ்தா, நல்ல வேளை வந்தே, இதைக் கொஞ்சம் பிடி."

அவள் பிடிக்கவில்லை. "நவ்ஃபல் பேரை நீங்களா சொன்னீங்க?"

அவர் பூக்களைக் காரின் கூரைமேல் வைத்தார். ஒன்று சரிந்து கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

"யார் சொன்னா?"

"நீங்கதானான்னு கேட்டேன்."

"ஸுபைரா? அந்தக் கிழவனுக்கு வாய் எப்பவும்..." நிறுத்திக்கொண்டார். பிறகு மெல்ல, "அவங்க உன்னையும் சேர்த்துத்தான் உள்ள தூக்கறதா இருந்தாங்க, தெரியுமா? வழக்கு தயாரா இருந்துச்சு. ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும்னா நான் யாரைக் காப்பாத்துவேன்? முந்தாநேத்து வந்தவனையா, இருபது வருஷம் கூட இருந்தவளையா?"

"அப்போ அட்டையைத் தூக்கி எறிஞ்சது?"

"அது கோபம். நிஜமான கோபம்தான்."

"கல்லூரி வேலை பேசி முடிச்ச அப்புறம் வந்த கோபமா?"

"நீ கத்துக் கொடுத்து எத்தனை பிள்ளைங்க இன்னைக்கு நல்ல நிருபரா இருக்காங்க, எண்ணிப் பாரு. அதுல எனக்குப் பங்கு இல்லையா? நான் உனக்கு ஒரு கெடுதலும் பண்ணலை, ரவ்தா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா நீ ஜெயிலுக்குப் போறேன்னு சொல்லியிருப்பே," என்றார் லம்ஜத். கொஞ்சம் சலிப்போடு, ஏதோ அவளுடைய பழைய பிடிவாதத்தைக் குறை சொல்வது போலச் சொன்னார்.

அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அவர் அவளைக் கேட்காமலே பேரத்தை முடித்திருக்கிறார். இத்தனை வருஷமும் ரம்ஜானுக்கு அவர் வீட்டில் நோன்பு திறந்தது, அவர் மகள் கல்யாணத்தில் தான் முன்னால் நின்றது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கீழே கிடந்த பூங்கொத்தை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போய்த் தன் காரில் ஏறினாள்.

நவ்ஃபல் வடமேற்கில் பேஜா என்ற ஊரில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் சிறையில் இருந்தபோது ஒருமுறை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். அவன் மனைவி செமியா கதவை முகத்தில் அறைந்து சாத்தினாள். துயரத்தில் இருக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று ரவ்தா திரும்பி வந்துவிட்டாள். அப்புறம் போகவில்லை. மரியாதையாகத் தள்ளி நிற்பதாக அதற்குப் பேர் வைத்திருந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பேஜாவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். கடை சந்தைத் தெருவின் கோடியில் இருந்தது. நவ்ஃபல் தாடி நரைத்து, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழவில்லை.

"வாங்க, மதாம் ப்ரொஃபஸர். கோழி வளர்க்கறீங்களா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸுபைர் சொன்னது, லம்ஜத் மறுக்காதது. நடுவில் கடைக்கு வந்த ஒருவருக்கு அவன் எழுந்து தவிடு அளந்து கொடுத்தான். பிறகு வந்து உட்கார்ந்தான்.

"நான் உள்ள போன அடுத்த மாசமே உங்களுக்கு வேலை கிடைச்சுதுன்னு என் வக்கீல் சொன்னாரு. அரசாங்க வேலை. பரீட்சை இல்லை, போட்டி இல்லை. வேற என்ன நினைக்கச் சொல்றீங்க?"

"நான்தான் காட்டிக் கொடுத்தேன்னு நினைச்சீங்களா?"

"பன்னெண்டு வருஷமா."

ரவ்தா பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். தன் கதையை வருஷா வருஷம் வகுப்பில் சொல்லி நிமிர்ந்து நின்றபோதெல்லாம், இங்கே ஒரு கடைக்குள் அதே கதை வேறு விதமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் அவள்தான் காட்டிக் கொடுத்தவள்.

"என்கிட்டச் சொன்னது போதாது," என்றான் நவ்ஃபல். "உள்ள வாங்க. செமியாகிட்டச் சொல்லுங்க. எந்த மூஞ்சியைப் பார்த்து நம்பினேன்னு அவ என்னைக் கேட்காத நாள் இல்லை."

வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. செமியா அடுக்களை மேஜையில் பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ரவ்தா இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். செமியாவின் கை நிற்கவில்லை. முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"சரி, நீ சொல்லலை. நம்பறேன். ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். ஊர்ல நடக்கிற எல்லாத்தையும் ஏன் எதுக்குன்னு குடைஞ்சு கேட்டவதானே நீ? அந்த வேலை உனக்கு ஏன் கிடைச்சுதுன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"கேட்கலை."

"ஏன்?"

"அவரு மேல இருந்த நம்பிக்கை." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. "அதோட... வேலை எனக்கு வேண்டியிருந்துது."

செமியா தலையை ஆட்டினாள். மிளகாய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் மூன்று கோப்பை எடுத்து வைத்தாள்.

அதை எழுத வேண்டும் என்று ரவ்தா சொன்னபோது நவ்ஃபல் யோசித்தான். "என் பேரைப் போடுங்க. முழுப் பேரையும் போடுங்க. ஒளிச்சு வச்சு என்ன கண்டோம்? ஆனா இந்தத் தடவை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எந்த ஆசிரியர்கிட்டயும் காட்டாதீங்க, எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

படித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் அவன் திருத்தினான். அவளுடைய பழைய மாணவி ஈனாஸ் நடத்துகிற சிறிய இணையத்தளம் வெளியிட்டது. தன் வேலை எப்படி வந்தது என்பதையும், அதைப் பற்றித் தான் கேட்காமல் விட்டதையும் ரவ்தா மறைக்காமல் எழுதியிருந்தாள்.

ஸுபைர் தான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று அறிக்கை விட்டார். கம்பெனி கைமாறி வேறு பேரில் ஓடிக்கொண்டிருந்தது. புது முதலாளிகள் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் பாதிப் பேர் ரவ்தாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். அன்னமிட்ட கையைக் கடித்தவள் என்று ஆசிரியர் அறையில், அவள் காது கேட்க ஒருவர் சொன்னார். கருத்தரங்கக் கூடத்துக்கு லம்ஜத் பேரை வைப்பதாக இருந்ததை மட்டும் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டார்கள்.

வேலையை விட்டுவிடத்தான் முதலில் நினைத்தாள். ராஜினாமாவோடு இயக்குநர் அறைவரை போனாள். புது இயக்குநர் அதைப் படிக்கும்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க, இது இப்ப வேண்டாம்" என்று அவர் கையிலிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அன்று முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கதையைப் புதிதாகச் சொன்னாள். கதையில் வரும் பத்திரிகை ஆசிரியர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும், "அப்போ யாரைத்தான் நம்பறது, மதாம்?" என்று கேட்டாள். ரவ்தா தெரியவில்லை என்றாள்.

லம்ஜத் ஒரே ஒரு முறை தொலைபேசியில் அழைத்தார். திட்டவில்லை. "உன்னைக் காப்பாத்தினதுக்கு இதுதான் பலனா?" என்றார். உண்மையிலேயே புரியாமல் கேட்கிற குரல். அவர் நடித்திருந்தால் அவளுக்கு வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

நவ்ஃபல் மீதான திருட்டு வழக்கை மறுபடி விசாரிக்கக் கேட்டு ஒரு வக்கீல் மனு போட்டிருக்கிறார். வாய்தா போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரவ்தா போய் அவனும் செமியாவும் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் உட்காருகிறாள். போன தடவை நீதிமன்ற வாசலில் அவன் சொன்னான்:

"நீங்க இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, மதாம். ஆனா உங்களைப் பார்த்தா இன்னும் எரியுது. இத்தனை வருஷப் பழக்கம், சட்டுன்னு போக மாட்டேங்குது."

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் ரவ்தா. "அவரு பேரைக் கேட்டா முதல்ல சந்தோஷம்தான் வருது. அப்புறம்தான் ஞாபகம் வருது."