தலைக்கு மேல் ஒரு பலகை

எங்கள் புகார்ப் பிரிவில் இரண்டு கவுண்டர்கள். "பொறுமைக்கு இலக்கணமாகத் திகழ்கிறார்" என்று எழுதிய பலகையை மேலாளர் என் தலைக்கு மேல் மாட்டினாலும் மாட்டினார், கத்த வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு என் வரிசையில்தான் நிற்கிறார்கள். பக்கத்துக் கவுண்டர் தம்பி எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவான். அவன் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

இன்று இரண்டே நாள் லீவு கேட்டேன். மேலாளர் பலகையைக் காட்டிச் சிரித்தார்.

"நீங்களே அவசரப்பட்டா எப்படிம்மா?"

அவர் தலை மறைந்ததும் ஸ்டூலில் ஏறினேன். பலகையைக் கழற்றித் தம்பியின் தலைக்கு மேல் மாட்டினேன். பதறிப்போனான்.

"அக்கா, எனக்குப் பொறுமையே கிடையாதே!"

"எனக்கு மட்டும் இருந்துச்சா? தலைக்கு மேல தொங்கவிட்டா திகழ்ந்துதான்டா ஆகணும்."