வெண்டல் டாக்கெட்டின் காது

வெண்டல் டாக்கெட் கட்ரெல் கிட்டார் பட்டறைக்குள் நுழையப் போனார். வாசலிலேயே முதலாளி ஆர்லிஸ் கட்ரெல் மறித்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் காப்பி, மறு கையில் பொரித்த கோழியை நடுவில் வைத்த ரொட்டி, முகமெல்லாம் சிரிப்பு. ஆர்லிஸ் இப்படிச் சிரித்தால் யாருக்கோ ஏதோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"வெண்டல், இந்த வருஷம் திரைச் சோதனைல நீ திரைக்குப் பின்னால இல்லடா. முன்னால உக்காரப் போற, வியாபாரிங்களோட."

"அப்ப வாசிக்கிறது யாரு?"

"உன் பொண்ணுதான். ரெட்டாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். ஏன் மூஞ்சி இப்பிடிப் போகுது? அவ உன்னவிட நல்லா வாசிப்பாங்கற பயமா?"

"அவ என்னைவிட நல்லா வாசிக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு" என்று வெண்டல் சிரித்து வைத்தார். மேல்கோட்டைக் கழற்றும்போது பொத்தான் கைக்கு அகப்படவில்லை. வெளியே ஜனவரி மழை பெய்துகொண்டிருந்தது. அது கூரைத் தகரத்தில் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை.

நாஷ்வில்லில் கிட்டார் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கட்ரெல் கிட்டார் எல்லார் வீட்டிலும் இருக்காது. அதில் மூன்று தரம் உண்டு. ஸ்டாண்டர்ட் என்பது இயந்திரம் வெட்டி, ஆட்கள் பூட்டுவது. கடைசித் தரம் என்று அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது, அதன் விலைக்கே ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் கிடைக்கும். செலக்ட்டில் கழுத்தைக் கையால் இழைத்து முடிப்பார்கள். ரிசர்வ் என்றால் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஆளின் கை, பல வருஷம் காய்ந்த மரம், கம்பிகளின் அதிர்வைப் பிடித்து ஒலியாக்குகிற, சுருளைக்கூடக் கையாலேயே சுற்றிய பிக்கப். அதன் விலையைக் கேட்ட மனிதர்கள் முதலில் மனைவியின் முகத்தைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டதாலேயே ஒரு கிட்டார் ரிசர்வ் ஆகிவிடாது. வெண்டல் அதை மடியில் வைத்து வாசித்துக் கேட்டுத் தலையாட்ட வேண்டும். ஆட்டினால் கழுத்தின் பின்புறம் அவருடைய பெயரின் முதலெழுத்துகளைச் சுட்டுப் பதிப்பார்கள். ஆட்டாவிட்டால் அது செலக்ட் என்று போகும், அதைச் செய்தவன் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக பீர் குடிப்பான். ரிசர்வுக்குக் கொடுக்கிற கூடுதல் விலை மரத்துக்கும் கம்பிக்கும் மட்டும் அல்ல, வெண்டலின் காதுக்கும்தான். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது.

அக்டோபரில் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். "உங்க வீட்டுப் புகை அலாரம் ராத்திரி பகலாக் கீச்சு கீச்சுனு கத்துதே, பேட்டரிய மாத்தினா என்ன? என் நாய் பைத்தியம் புடிச்சு அலையுது" என்றாள். வெண்டல் உள்ளே போய் அலாரத்தின் அடியில் நின்றார். சிவப்பு விளக்கு மினுக்கியது. நாற்காலி போட்டு ஏறி, காதை அதன்மேல் ஒட்டி வைத்தார். விளக்கு மறுபடி மினுக்கியது. ஒரு சத்தமும் இல்லை. பேட்டரியை மாற்றிவிட்டு இறங்கினார்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் சொல்லிவிடுவார். சொல்லாதவரை அது சளி, அழுக்கு, வயசு, எதுவாகவும் இருக்கலாம் அல்லவா? மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் அதற்குப் பெரிய புத்திசாலித்தனம் தேவைப்படுவதில்லை.

அதற்குப் பிறகும் அவர் ரிசர்வ் கிட்டார்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருந்தார். கீழ்க் கம்பிகளின் சத்தம் இன்னும் வந்தது. மேலே உள்ள மினுமினுப்பு, நல்ல கிட்டாரையும் மிக நல்ல கிட்டாரையும் பிரிக்கிற அந்தக் கொஞ்சம், அது மட்டும் வரவில்லை. கிட்டாரை விலாவோடு அணைத்து அதிர்வைப் பார்த்தார். எடையைப் பார்த்தார். எதுவும் பிடிபடாதபோது செய்தவனின் முகத்தைப் பார்த்தார். நல்லதாகச் செய்தவனுக்கு அது தெரிந்திருக்கும், முகத்தில் வந்துவிடும். இப்படியே குளிர்காலம் வரை ஓட்டிவிட்டார், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு மடியில் கிட்டார் இருக்காது. வெறும் நாற்காலி, எதிரே ஒரு கறுப்புத் திரை.

திரைச் சோதனை அந்தப் பட்டறையின் வருஷாந்திர விளையாட்டு. பெரிய இசைக்கருவிக் கண்காட்சிக்கு முன்னால் கடைக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, மூன்று தரக் கிட்டார்களையும் திரைக்குப் பின்னால் வாசித்துக் காட்டுவார்கள். எது எது என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவனை அடுத்த வருஷம் வரை கேலி செய்வார்கள். விலையைக் கண்ணால் பார்த்துவிட்டால் எல்லாருக்கும் காது கூர்மையாகிவிடும், திரை போட்டால்தான் பாவம், திண்டாடுவார்கள்.

வெண்டல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் லூசியானாவிலிருந்து வந்த பாபினோ இருந்தான். நாற்பதைத் தாண்டாதவன், சின்னக் கடைதான், ஆனால் அந்தக் கூட்டத்திலேயே நல்ல காது அவனுடையது. வெண்டல் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். தன்னைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். பாபினோ சொல்வதையே இரண்டு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம்.

திரைக்குப் பின்னால் ரெட்டா வாசித்தாள். மெதுவான ஒரு மெட்டு. நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து அதே மெட்டு. மறுபடியும் நிறுத்தம், மறுபடியும் அதே மெட்டு. வெண்டல் மூச்சை அடக்கி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். மூன்றும் ஒன்றாகவே வந்தன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்பது போல இருந்தது.

டெக்சாஸ்காரர் முதலாவதுதான் ரிசர்வ் என்று சத்தியம் செய்தார். ஒஹாயோக்காரர் இரண்டாவது என்றார். இன்னொருவர், "இதுல என்ன சந்தேகம், மூணாவதுதான். அந்த இதம் வேற எதுல வரும்?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் சொல்லும்போது ஆர்லிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பாபினோ தலையைச் சொறிந்தான். "முதல் ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியல. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன். மூணாவது மட்டும் மங்கலா இருந்துச்சு, மேல துணியப் போட்டு மூடின மாதிரி. அதுதான் ஸ்டாண்டர்டுனு நெனைக்கிறேன்."

எல்லாரும் வெண்டலைப் பார்த்தார்கள்.

பாபினோவின் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. அக்டோபரிலிருந்து அவர் தலையை ஆட்டித்தான் ஏமாற்றியிருந்தார், கேட்காத ஒன்றைக் கேட்டதாக வாயைத் திறந்து இதுவரை சொன்னதில்லை. அதோடு களைப்பாகவும் இருந்தது. எத்தனை நாள்தான் பயந்துகொண்டே இருப்பது?

"எனக்கு மூணும் ஒண்ணாத்தான் கேட்டுது" என்றார். சொன்னதும் காதெல்லாம் சூடாகிவிட்டது. முடிந்தது, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

ஆர்லிஸ் துள்ளிக் குதித்தார். ஓடிப்போய்த் திரையை விலக்கினார். அங்கே ரெட்டா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரே ஒரு கிட்டார். பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

"மூணு தடவையும் ஒரே கிட்டார்டா, மடையனுங்களா!" ஆர்லிஸுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. "இதம் வேற எதுல வரும்னு கேட்டீங்களே, வாங்க, வந்து தொட்டுப் பாருங்க! யோவ் பாபினோ, துணியப் போட்டு மூடினாங்களா? எங்கய்யா அந்தத் துணி? பாத்தீங்களா, ரிசர்வுக்கு நாங்க ஏன் அவ்ளோ விலை வெக்கிறோம்னு இப்பவாவது புரியுதா? இதோ உக்காந்திருக்கானே, இவன் காதுக்கு!"

ஆளுக்கு ஆள் வெண்டலின் முதுகில் தட்டினார்கள். அவருக்குத் தலை கிறுகிறுத்தது. தனக்கு ஒன்றுமே இல்லையோ? அலாரம்தான் கெட்டுப்போயிருந்ததோ? இத்தனை பேருக்குப் பிடிபடாதது தனக்குப் பிடிபட்டிருக்கிறதே! சந்தோஷம் நெஞ்சை அடைத்தது. அப்படியே மகளைத் திரும்பிப் பார்த்தார். ரெட்டா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அவள் வந்து அவரைக் காப்பி மேசைப் பக்கம் கூட்டிப்போனாள். அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"அப்பா, மூணாவது தடவ நான் டோனைப் பாதிக்கு இறக்கி வெச்சு வாசிச்சேன்."

கிட்டாரில் டோன் என்கிற குமிழைத் திருகி இறக்கினால் மேல் ஓசை மழுங்கிவிடும். வாசிக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஆர்லிஸ் சொன்னானா?"

"இல்ல. அவர் ஒரே மாதிரி வாசிக்கச் சொன்னார். நான்தான் இறக்கினேன். எனக்குத் தெரிஞ்சாகணும்ப்பா. நவம்பர்ல, நன்றி சொல்ற நாள் விருந்துல பின்னாலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், நீங்க திரும்பவே இல்ல. எவ்ளோ நாளா இப்பிடி?"

அவருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "அக்டோபர்லேருந்து" என்றார்.

ரெட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இனிமே நீங்க ரிசர்வ் பாக்கறப்ப நானும் பக்கத்துல நிக்கிறேன். நல்லதா இருந்தா உங்க கால மிதிக்கிறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அதுவரை பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று வெண்டலுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் பெண் தனக்காக வாழ்நாளெல்லாம் கால் மிதிக்கத் தயாராக நிற்கிறாள். அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் ஆர்லிஸ் ரிசர்வ் கிட்டார்களை வரிசையாக மாட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். பாபினோ மட்டும் ரெட்டா வாசித்த கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டினான். சுண்டு விரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தான். தாடையை அசைத்துப் பார்த்தான். மறுபடியும் தட்டினான். வெண்டலுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவரைக் கண்டதும் பாபினோ எழுந்தான், சிரிக்க முயன்றான்.

"மிஸ்டர் வெண்டல், எனக்கு ஒரு ரிசர்வ் நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க. நான் வாசிச்சுப் பாக்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் நெருங்கி வந்தான். "சத்தியமா அந்த மூணாவது மங்கலாத்தான் கேட்டுது. ஒரே கிட்டார்னா எப்பிடி? எங்க அப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. இல்லாதது கேக்குது, இருக்கறது கேக்கலைனு. கடைசில ஒண்ணுமே கேக்காமப் போச்சு. கடைய வித்துடலாமானு யோசிக்கிறேன்."

ரெட்டா அப்பாவின் கையை இறுக்கினாள். வேண்டாம் என்கிறாளா, சொல்லுங்கள் என்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

"உன் காதுக்கு ஒண்ணும் இல்லடா" என்றார் வெண்டல். சத்தம் எவ்வளவு வந்தது என்று தெரியாததால் பட்டறை முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டார். "மூணாவது தடவ இவ டோனை இறக்கிட்டு வாசிச்சா. நீ சரியாத்தான் கேட்ட. அத்தன பேர்லயும் நீ ஒருத்தன்தான் சரியாக் கேட்ட. எனக்குத்தான் கேக்கல. மேல உள்ளது எதுவுமே கேக்கறதில்ல. அக்டோபர்லேருந்து என் பேரைச் சுட்டு அனுப்பின ஒவ்வொரு கிட்டாரையும் நான் கேக்காமத்தான் அனுப்பினேன்."

பாபினோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின, அழுகையா சிரிப்பா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. பிறகு கையை எடுத்து வெண்டலை நிமிர்ந்து பார்த்தபோது, தான் தப்பித்துவிட்ட நிம்மதியைக் காட்டிக்கொள்ள அவனுக்கு வெட்கமாக இருந்தது தெரிந்தது.

சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஆர்லிஸ் கையில் பிடித்திருந்த ரிசர்வை மறுபடி கொக்கியில் மாட்டினார், அது சரியாக மாட்டவில்லை, இன்னொரு தடவை மாட்டினார். முதுகைக் காட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். திட்டினாரா, வீட்டுக்குப் போ என்றாரா, இத்தனை வருஷப் பழக்கத்தில் வேறு ஏதாவது சொன்னாரா என்று தெரியவில்லை. இதற்கு முன்பு என்றால் வெண்டல் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்திருப்பார். இப்போது ஆட்டவில்லை. ரெட்டாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஆர்லிஸ், இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு. எனக்குக் கேக்கல."