அருளம்பலத்துக்குக் கப்பலில் ஒரு வேலை

ஞாயிறு பின்னேரங்களில் கப்பல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து வெளிக்கிடுவேன். துறைமுகத்தை ஒட்டிய ஊரில் இப்படிச் சொன்னால் சனம் வேறு மாதிரித்தான் விளங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டு முஹம்மது தம்பி நானா ஒருநாள் என்னை மறித்து, நேவிக்காரன் நிற்கிற பக்கம் ஒரு குமர்ப்பிள்ளை கிழமைக்குக் கிழமை போய் என்ன கப்பல் பார்க்கிறாய் என்று கேட்டார். நான் பார்த்த கப்பல் என் சிநேகிதன் குலசிங்கம் வீட்டு ரீவியில், நட்சத்திரங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் பிறப்பதற்கு முதலே எடுத்த ஆங்கிலத் தொடர் அது. மலைகள் மட்டையால் செய்தவை என்று பார்த்தவுடன் தெரியும். கதவைச் சாத்தினால் சுவரும் சேர்ந்து ஆடும். ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் அந்தக் கப்பல் புதிதாக ஒரு உலகத்தில் போய் நிற்கும். அங்கே இருக்கிறவர்களோடு சண்டை பிடிக்காமல் திரும்பி வர முடியுமா என்பதுதான் கதை. கரண்ட் நின்றால் குலசிங்கம் பழைய கார் பற்றரியைக் கொழுவுவான். வசனங்கள் சிங்களத்தில் கீழே எழுத்தாக ஓடும். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த எங்கள் சிநேகிதி ஸல்ஹாதான் அதை வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்லுவாள். அவள் ஒன்றைச் சொல்லி முடிக்க முன் அடுத்தது வந்துவிடும். எங்களுக்குக் கிடைத்த கதையில் பாதி அவள் கட்டியது.

நடிகர்களை மாற்றும் விளையாட்டைத் தொடங்கினது நான். மொழிபெயர்ப்பு நாவல்கள் வாசித்து எனக்கு அது பழகிப்போயிருந்தது. பனியை நான் கண்டதில்லை. அந்த நாவல்களின் நீளமான பெயர்களும் மனதில் நிற்பதில்லை. அதனால் குதிரைவண்டிக்காரனுக்குச் சந்தையில் கருவாடு விற்கிறவரின் முகத்தைக் கொடுப்பேன், கோபக்காரச் சீமாட்டிக்கு எங்கள் கணித ரீச்சரின் முகத்தை. முகம் கிடைத்தவுடன் அவர்கள் எழும்பி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். கப்பலிலும் அப்படிச் செய்து பார்ப்போம் என்றேன். ஒழுங்காக நடிக்கிற மனுசரை ஏன் வேலையால் நிப்பாட்டுகிறீர் என்று குலசிங்கம் கேட்டான். பிறகு எங்கள் இரண்டு பேரையும்விட அவன்தான் மும்முரமாக நின்றான்.

டொக்டர் வேலை கிண்ணியாவில் இருந்த ஸல்ஹாவின் மாமி உம்மு குல்சுமுக்குப் போனது. அவர் யாரைக் கண்டாலும் நாக்கை நீட்டச் சொல்லுகிறவர். வழி பார்க்கிற அதிகாரியாகப் புல்மோட்டை பஸ் கொண்டக்டர் ஸஹாப்தீனைப் போட்டோம். எங்கே இறங்குவதென்று பயணிக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். கப்டனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தொடரில் வந்த கப்டனை எங்களில் ஒருவருக்கும் பிடிக்காது. அவர் நாடியைத் தூக்கியே கட்டளை போடுவார்.

ஒரு ஞாயிறு, தொடர் தொடங்க முதல், குலசிங்கம் மெதுவாக, "அண்ணையைப் போடுவமோ?" என்றான்.

அவனுடைய அண்ணன் அருளம்பலம் இயக்கத்துக்குப் போய் வருடக்கணக்கு ஆகியிருந்தது. அக்கம்பக்கத்துக்குச் சொன்ன கதையில் அவர் கட்டாரில் இருந்தார். வீட்டுக்குள்ளும் அவருடைய பெயரைச் சொல்லிக் கதைப்பதில்லை. ஸல்ஹாவுக்கு இயக்கத்தில் விருப்பமில்லை. அதற்கு அவளுடைய குடும்பத்தில் காரணம் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் முந்தி மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு குடாவின் நடுவில் ஆடிய கதையைச் சொன்னாள். சனமெல்லாம் பயத்தில் ஒரு பக்கத்துக்கு ஓடியிருக்கிறது. அருளம்பலம் கத்தாமல் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மற்றப் பக்கம் கொண்டுபோய் இருத்தினாராம். எல்லாரும் இருந்த பிறகுதான் தான் இருந்தாராம். அவர்தான் சரி என்றாள் ஸல்ஹா.

குலசிங்கத்துக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. தொடரின் தொடக்கத்தில் ஒரு குரல் கப்பலில் இருப்பவர்களை அறிவிக்கும். அதைப்போலவே எழும்பி நின்று, நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கப்டன் அருளம்பலம். திருகோணமலை."

அவனுடைய அம்மா இராசமலர் அன்ரி குசினி வாசலில் வந்து நின்றார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"எப்ப அறிஞ்சனீங்கள்?"

நாங்கள் விளையாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தோம். குலசிங்கம் சிரித்துக்கொண்டே, "இப்பத்தான் அம்மா முடிவானது" என்றான்.

அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

"எந்த இடத்திலயாம்?"

முதலில் விளங்கியது ஸல்ஹாவுக்கு. அவள் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. இயக்கத்தில் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எங்கள் காதுகளில் வெறும் பெயர்தான். லெப்டினன்ட், கப்டன், மேஜர் என்று ஒரு சொல் பெயருக்கு முன்னால் வந்து நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். இயக்க றேடியோவில் முதலில் அந்தச் சொல் வரும், பிறகு பெயர், பிறகு ஊர். அன்ரி ஒவ்வொரு நாளும் குசினிக்குள் சத்தத்தைக் குறைத்து, றேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பது இதற்காகத்தான். குலசிங்கம் சொன்ன ஒழுங்கும் அதுதான், குரலும் அதுதான். எங்களுக்குத் தெரியாத சொல் இல்லை. கப்பலைப் பார்த்துப் பார்த்து, கப்டன் என்றால் பெரிய கண்ணாடிக்கு முன்னால் சுழல்கதிரையில் இருக்கிறவர் என்று ஆகிவிட்டது.

விளங்கப்படுத்தினோம். குலசிங்கம் கோயில்மேல் சத்தியம் பண்ணினான். நாங்கள் சொல்லச் சொல்ல அவருக்கு நாங்கள் மறைக்கிறோம் என்றுதான் பட்டது. இப்படி ஒன்றை யாராவது விளையாட்டுக்குச் சொல்லுவார்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. செய்தி பொய் என்று காட்ட எங்களிடம் என்ன இருந்தது? அருளம்பலம் உயிரோடு இருக்கிறார் என்றும் எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கிழமை முழுக்க அன்ரி சரியாகச் சாப்பிடவில்லை என்று குலசிங்கம் சொன்னான். கோதுமை மா ஆலையில் வேலை முடிந்து வந்த கணவரிடம், எங்கேயாவது விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். விசாரிக்கப் போனால் கட்டார் கதை அவிழ்ந்துவிடும் என்று குலசிங்கத்தின் அப்பா எங்கும் போகவில்லை. விடிந்தால் போதும், அன்ரி குலசிங்கத்திடம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்பாராம். ஆர் வந்து சொன்னது? ஸல்ஹாவுக்குக் கச்சேரியில் சொன்னார்களா?

அடுத்த ஞாயிறு நான் போகத் தயங்கினேன். ஸல்ஹாதான் இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் போனபோது ரீவிக்கு முன்னால் இன்னொரு கதிரை போட்டிருந்தது. அன்ரி அதில் இருந்தார்.

"அந்தக் கப்டன் ஆரெண்டு காட்டுங்கோ, பாப்பம்."

குலசிங்கம் காட்டினான். அவர் கப்டனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றைய கதையில் கப்பல் சிவப்பு மணலாய்க் கிடந்த ஒரு உலகத்தில் நின்றது. வழக்கம்போல முதலில் கப்டன் இறங்கினார். இவர் ஏன் முதல் இறங்குகிறார் என்று அன்ரி கேட்டார். கப்டன்தான் எப்போதும் முதலில் இறங்குவார் என்றாள் ஸல்ஹா.

"அப்ப வேண்டாம். அருளை அதில போடாதேங்கோ."

அவர் எங்களை நம்பிவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. குலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன்.

"கப்பலை விட்டு இறங்காத ஆள் ஒருத்தரும் இல்லையோ?" என்று அன்ரி கேட்டார்.

நாங்கள் அதை யோசித்ததே இல்லை. எங்களுக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் இறங்குகிறவர்கள். அன்ரி தானே ஒருவனைத் தேடிப் பிடித்தார். கதை முடியும் நேரத்தில் இயந்திர அறையைக் காட்டினார்கள். முகத்தில் எண்ணெய் பூசின ஒரு பெடியன் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி ஏதோ சொன்னான். இங்கே எல்லாம் சரி என்கிறான் என்றாள் ஸல்ஹா. அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

"இவன்" என்றார் அன்ரி.

"அம்மா, அவனுக்குக் கதையே இல்லை."

"கதைக்காட்டி என்ன? உள்ளுக்கத்தானே நிக்கிறான்."

அப்படி அருளம்பலத்துக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. கப்டனின் கதிரையை நாங்கள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஞாயிறுகளில் இயந்திர அறை வந்தால் குலசிங்கம் "அம்மா" என்று ஒரு குரல் கொடுப்பான். அவர் அகப்பையோடு ஓடிவந்து பார்த்துவிட்டுப் போவார். சில கிழமை அந்தப் பெடியனின் முதுகு மட்டும்தான் தெரியும். அதுவும் போதும் அவருக்கு. மெலிந்துபோனான் என்பார். இரவில் முழித்து வேலை செய்கிறான் போல என்பார். ஸல்ஹா அவனுக்காகக் கூடுதலாக ஒன்றிரண்டு வசனம் கட்டத் தொடங்கினாள். கீழே எழுத்தே ஓடாத இடத்திலும் அவன், சாப்பிட்டாச்சு, சுகம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து இல்லாதது தெரியும்.

மழை தொடங்கின பிறகு ஒரு ஞாயிறு. குலசிங்கம் கூப்பிட, அன்ரி வந்து நின்று பார்த்தார். போகவில்லை.

"இது வேற பெடியன்."

அதே ஆள்தான் என்றான் குலசிங்கம். உடுப்பைப் பாருங்கள், எண்ணெயைப் பாருங்கள் என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். அவர் சொன்னது சரி. காது வேறு, நாடி வேறு. கப்டன் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், புது ஆள் அந்தப் பெயருக்கு மறுமொழி சொன்னான். கப்பலில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

"முந்தி நிண்டவனுக்கு என்ன நடந்தது?"

நடிகருக்குக் காய்ச்சலாக இருக்கலாம். சம்பளச் சண்டையாக இருக்கலாம். வேறு ஊரில் வேறு வேலை கிடைத்துப் போயிருக்கலாம். எதுவானாலும் அது எங்கோ தூர தேசத்தில், நாங்கள் பிறக்கவும் முதல் நடந்தது. அன்ரி ஸல்ஹாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஏதாவது கட்டிச் சொல்லுவாள் என்று நானும் பார்த்தேன்.

"தெரியாது அன்ரி" என்றாள் அவள். "அவை ஒண்டும் சொல்லேல்லை."

"செத்தவன் எண்டு சொன்னவையோ?"

"இல்லை. அப்பிடி ஒரு சொல் வரேல்லை."

அன்ரி தலையை ஆட்டினார். புதுப் பெடியன் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். கை கொஞ்சம் தடுமாறியது. புதிது, பாவம், பழக நாள் எடுக்கும் என்றார் அவர். பிறகு அடுப்பில் கறி கிடக்கிறது என்று குசினிப் பக்கம் திரும்பினார். வாசலில் நின்று குலசிங்கத்தைப் பார்த்தார்.

"பழைய பெடியன் எங்கையாவது பின்னால தெரிஞ்சால் கூப்பிடு."

"ஓம் அம்மா."

சிவப்பு உலகமோ பச்சை உலகமோ, அன்று கப்பல் எங்கே போய் நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஏலாது. ஸல்ஹாவும் எழுத்தை வாசிப்பதை விட்டுவிட்டாள். கப்பலுக்குள் நடைபாதைகளில் போய் வருகிற முகங்களையே நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.