மேஸ்திரியின் மேல்வரிசைப் பல்

மேஸ்திரியின் வாய், வெள்ளை பிளாஸ்டர் அச்சாக அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை.

சீட்டில் இருந்த பெயரைப் படித்ததும் அவள் அச்சை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பல் செட் செய்வது அவள் தொழில். கட்டட வேலையில் சாரக்கயிறு அறுந்து விழுந்து செத்தவன் அவள் தம்பி. "பையன் குடிச்சுட்டு ஏறினான்" என்று விசாரணையில் சொன்னவர் இந்த மேஸ்திரி. அன்றிலிருந்து தினமும் காலையில், துன்மார்க்கரின் பற்களைத் தகர்க்கும்படி கடவுளைக் கேட்கும் வேதாகமச் சங்கீதத்தின் ஜெபத்தைத்தான் அவள் சொல்லி வந்தாள்.

"பைக்ல போறப்ப குப்புற விழுந்துட்டாராம்," என்றான் கிளினிக்கிலிருந்து அச்சைக் கொண்டு வந்த கணவன். "தாயே, கோபத்துல எனக்கும் அந்த ஜெபத்தைப் பண்ணிடாதே. ஏற்கெனவே கடைவாய்ப் பல்லு ஆடுது."

அவள் சிரிக்கவில்லை. "பயமா இருக்குங்க."

"எதுக்குப் பயம்? கேட்டே, கிடைச்சுது."

"என்ன கிடைச்சுது? என் தம்பியை இன்னும் குடிகாரன்னுதானே சொல்றாங்க!"

மத்தியான வெயில் ஜன்னல் வழியே பட்டறைக்குள் வழிந்தது. பிளாஸ்டர் தூசி அதில் மெதுவாக நீந்தியது. செட்டைக் கொஞ்சம் லூசாகச் செய்தால் போதும், அந்த மனுஷன் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. நினைத்தபடியே மேசையில் தலை சாய்த்தாள்.

அலமாரியில் இருந்த தாடைகளெல்லாம் முணுமுணுத்தன. மேஸ்திரியின் தாடை மட்டும் திறந்து திறந்து மூடியது. வெறும் காற்று வந்தது. தலையெல்லாம் சிமென்ட் தூசியோடு தம்பி அதனிடம் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னடா பண்றே?"

"இந்தாளு என்னமோ சொல்ல வர்றாருக்கா. ஒண்ணும் விளங்கலை."

விழித்தபோது வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. கடிக்கிற பொய்தான் உடைய வேண்டும், பேச வேண்டிய வாய் அல்ல. அந்தப் பொய்யை உடைப்பதும் கடவுளின் பாடு. அதற்காகத்தானே அவரிடம் ஒப்படைப்பது? அவள் மெழுகை உருக்கி, ஒவ்வொரு பல்லாக, பார்த்துப் பார்த்துப் பதித்தாள்.

மெழுகுச் செட்டை வாயில் வைத்துச் சரிபார்க்கும் நாளில் அவளும் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் வழக்கம்போலச் சொன்னார்: "உச்சரிப்பு பார்க்கணும். ஒண்ணு ரெண்டு எண்ணுங்க, மேஸ்திரி."

"எண்ண வேண்டாம் டாக்டர்," என்றாள் அவள். "'கயிறு பழசு. பையன் குடிக்கலை.' இதைச் சொல்லட்டும்."

மேஸ்திரிக்கு அப்போதுதான் அவளை அடையாளம் தெரிந்தது. "சொல்லலேன்னா பல்லைப் பிடுங்கிட்டுப் போயிடுவியா?"

"சொன்னாலும் சொல்லாட்டியும் இது உங்க பல்லுதான். நல்லாவே முடிச்சுத் தர்றேன். ஆனா என் ஜெபத்தை நிறுத்த மாட்டேன்."

"என்ன ஜெபம்?"

சொன்னாள். மேஸ்திரியின் கை தானாக வாய்க்குப் போனது.

"கயிறு பழசு," என்றார், கையை இறக்கிவிட்டு. "மாத்தச் சொல்லி அவனே கேட்டான். பையன்... குடிக்கலை."

"எனக்கும் காதுல விழுந்துச்சு, மேஸ்திரி," என்றார் டாக்டர்.

"திங்கக்கிழமை மறுபடியும் விசாரணை," என்றாள் அவள். "அதுக்குள்ள செட் ரெடியாயிடும். அங்கே வந்து சொல்லணும்."

அவர் தலையாட்டினார். "இடது பக்கம் உறுத்துதும்மா."

"எங்கே, காட்டுங்க," என்று அவள் குனிந்தாள்.