நன்றிக்கு மேல் பேசக் கூடாது

வாஷிங்மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து சாயந்திரம் வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊர் உலகமெல்லாம் வைவதைக் கேட்டு, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தேன் தடவிய குரலில் சொல்ல வேண்டும். எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் அவளிடம் கொஞ்ச நேரம் பேசினால் அடங்கிவிடுவான். ஆபீசில் அவளுக்குப் 'பொறுமை மேடம்' என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் யாரும் அவள் வீட்டுக்கு வந்ததில்லை.

ஆபீசில் விழுங்கிய பேச்செல்லாம் வீட்டுக்கு வந்துதான் வெளியே வரும். வாங்கிக்கொள்ள ஆளும் இருந்தார். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தொழிலில் கெட்டிக்காரர். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் அலறுகிறவர்களை வெளியில் நின்றே சமாதானப்படுத்திப் பத்திரமாக இறக்கிவிடுவார். சாயந்திரம் அவர் ஏற்றிக்கொண்டு வந்தபிறகு அவரை இறக்கத்தான் ஆள் கிடையாது. அவர் குடித்தார் என்று அவள் திட்டுவாள். அவள் திட்டினாள் என்று அவர் மறுநாள் குடிப்பார். எது முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் இருவருமே அடித்துச் சொல்வார்கள், ஆளுக்கொரு விதமாக.

ஒரு நாள் பகலிலேயே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர், லிஃப்ட் குழியின் விளிம்பில் தடுமாறிவிட்டார். கூட இருந்தவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றோடு கதை முடிந்திருக்கும். காலர் கிழிந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து, "என்னை எங்கேயாவது சேர்த்துடு" என்று அவரே சொன்னார். அன்றைக்குத்தான் அவள் திட்டவில்லை.

சேர்த்துவிட்ட குடிமறப்பு இல்லத்தில் முதல் காரியமாக அவர் பையைக் கவிழ்த்தார்கள். தலைவலி மாத்திரை, இருமல் டானிக், வாய் கொப்பளிக்கிற மருந்து, எல்லாம் ஒரு டப்பாவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. இனி எந்த மாத்திரையானாலும் மருந்தறையின் சின்ன ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே சிஸ்டர், ஒரு காகிதக் கப்பில் மாத்திரை, இன்னொன்றில் தண்ணீர். விழுங்கியதும், "வாயத் திறங்க. நாக்கைத் தூக்குங்க. கன்னத்தை இழுத்துக் காட்டுங்க." கம்பெனி முதலாளியானாலும் வக்கீலானாலும் சிஸ்டர் முன்னால் நாக்கைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஒரு வக்கீல் மட்டும் இது தன் உரிமைக்கு விரோதம் என்று வாதாடிப் பார்த்தாராம். வாதாட வாய் திறந்தபோதே சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டாள்.

உடம்பு தேறி, வீட்டுக்குப் போகிற நாள் நெருங்கியது. ரத்தமெல்லாம் சோதித்துப் பார்த்து டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அது சாதாரணமாக இருந்தால் சாது. மேலே ஒரு மடக்கு சாராயம் உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். உயிருக்கே கூட ஆபத்து. அதனால் காபியில் கலந்து ஏமாற்றிக் கொடுக்கிற வேலையெல்லாம் கூடவே கூடாது. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, வீட்டார் கையால் தினமும் கொடுக்க வேண்டும். அதற்குப் பழக்கிக்கொள்ள அவளை வரச்சொன்னார்கள். காரை ஓட்டிக்கொண்டு அவள் தம்பியும் கூட வந்தான். அவன் வருவதற்கு முன்னால் அவன் போட்டிருந்த சென்ட் வந்தது.

"ரொம்ப சுலபம்மா," என்றாள் சிஸ்டர். "காலையில மாத்திரையைத் தண்ணியில கரைச்சு நீங்க குடுக்கணும். சார் வாங்கிக்கிட்டு, 'இன்னிக்கு நான் குடிக்க மாட்டேன், அதுக்குத்தான் இது'ன்னு சொல்லிட்டுக் குடிக்கணும். நீங்க 'நன்றி'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். மறுநாள் மாத்திரை வரைக்கும் ரெண்டு பேரும் குடியைப் பத்தி மூச்சு விடக் கூடாது. பழசும் கிடையாது, வரப்போறதும் கிடையாது."

"இவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"அக்கா, உன்னால முடியாதுக்கா," என்றான் தம்பி, கூடப் பிறந்த உரிமையில்.

அன்றைய மாத்திரையைக் காலையிலேயே கொடுத்தாகிவிட்டதால், ஒத்திகைக்குப் புதினா மிட்டாய். சிஸ்டர் அதை டம்ளரில் போட்டுக் கரைத்தாள். அவள் கொடுத்தாள். அவர் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு நான் குடிக்க மாட்டேன், அதுக்குத்தான் இது. இன்னிக்கு என்ன, இனிமே ஜென்மத்துக்கும் தொட மாட்டேன், நம்ம பொண்ணு தலைமேல..."

"அவ தலையை விடுங்க!" என்று அவள் எகிறினாள். "நீங்க பண்ணின சத்தியத்துக்கெல்லாம் இந்நேரம் அவ மண்டை வீங்கியிருக்கணும்!"

"நிறுத்துங்க," என்றாள் சிஸ்டர். "சார், இன்னிக்கு மட்டும்தான் உங்க கணக்கு. ஜென்மத்தை எடுக்காதீங்க. அம்மா, உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. மறுபடியும்."

இரண்டாவது டம்ளர். அவர் அளந்து பேசினார். அவள், "நன்றி," என்றாள். வாய் அங்கே நிற்க வேண்டும். நிற்கவில்லை. "இந்தப் புத்தி அன்னிக்கே வந்திருந்தா..."

"மறுபடியும்."

"நன்றி," என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பெருமூச்சும் பேச்சுதான்மா. எல்லாமே அதுல இருந்துச்சு. மறுபடியும்."

இப்படியே போனால் எப்படி? ஆபீஸ் குரலை எடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தாள். முதுகை நிமிர்த்தி, இல்லாத ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, "தங்கள் ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி. வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்றாள். அவர் குடித்துக்கொண்டிருந்த புதினாத் தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. சிஸ்டருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்; அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தேடினாள்.

அப்புறம் திரும்பி, சிரிக்காமல் சொன்னாள். "அம்மா, உங்க மேல தப்புன்னு நான் சொல்லலை. ஆனா காலையில நீங்க ஒரு வார்த்தை சொன்னா, சார் அதை நாள் முழுக்கத் தூக்கிக்கிட்டுத் திரிவாரு. சாயந்திரம் அதுவே ஒரு சாக்கு. அந்தச் சாக்கைத்தான் எடுக்கப் பார்க்குறோம். அந்த ஒரு வார்த்தை இங்கேயே சரியா வரலைன்னா டாக்டர் வீட்டுக்கு அனுப்ப யோசிப்பாரு. வேற யாராவது பொறுப்பு எடுத்துக்கணும்."

"நான் இருக்கேன்ல!" என்றான் தம்பி. "தினம் காலையில சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடறேன்." சாப்பாட்டு நேரம் என்பதை அவன் யோசித்துத்தான் சொன்னான்.

அவன் டம்ளரை வாங்கி நீட்டினான். அவர் வாக்கியத்தைச் சொல்லிக் குடித்தார். "நன்றி மாமா," என்றான் தம்பி, இனிப்பாக. முதல் தடவையிலேயே பிசிறில்லாமல் வந்துவிட்டது. சிஸ்டர் தலையாட்டினாள். தம்பி கை தட்டாத குறை.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு லேசா இது? ஏன் லேசாக இருக்காது? இவன் எந்த ராத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்? இவனுக்கு இது ஒரு டம்ளர் தண்ணீர். சொன்னான், முடிந்தது, கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விடுவான்.

"சிஸ்டர்," என்றார் லிஃப்ட்காரர் மெதுவாக. "இவன் கையால வேணாம். அவளே குடுக்கட்டும். திட்டிக்கிட்டே குடுத்தாலும் பரவாயில்லை."

"திட்டக் கூடாதுங்கிறதுக்குத்தான் சார் இத்தனை பாடு!"

"தெரியும். இருந்தாலும் அவளே குடுக்கட்டும்."

அவள் அவரைப் பார்த்தாள். மிட்டாய்த் தண்ணீர் குடித்துக் குடித்து அவர் நாக்கு பச்சையாகியிருந்தது. பல வருஷமாக அவர் பக்கத்தில் வந்தால் முதலில் அவள் மூக்குதான் வேலை செய்யும். இன்றைக்கு வெறும் புதினா வாசனை. டம்ளரை எடுத்தாள். அவர் சொன்னார், குடித்தார்.

"நன்றி," என்றாள் அவள். தொண்டை வரை வந்ததையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே தள்ளினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வேறு ஒரு வார்த்தை வரவில்லை.

"அப்பாடா," என்றாள் சிஸ்டர். "இப்ப வேற ஏதாவது பேசுங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

வேறு ஏதாவது! இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். இத்தனை வருஷத்தில் வேறு எதைப் பேசினார்கள்?

"சமையல்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுதா?" என்று அவர் துணிந்தார்.

"ஒழுகுது. அதை உடைச்சதே நீங்க அன்னிக்கு..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். குழாய் வேண்டாம்.

"அந்தப் பச்சை நாற்காலி..." என்று ஆரம்பித்தவர், அதன் கால் எப்படிப் போனது என்று ஞாபகம் வந்து தானே நிறுத்திக்கொண்டார். மாடிவீட்டுக்காரர்? அவர் படியில் தடுக்கி விழுந்தது, போதையில் அங்கே கிடந்த இவர் காலில். அவளுடைய பிறந்தநாள்? ஐயோ, வேண்டவே வேண்டாம். வீட்டில் எந்தச் சாமானைத் தொட்டாலும், எந்த ஆளை எடுத்தாலும் அடியில் ஒரு பாட்டில் உருண்டது.

அந்தச் சமயத்தில் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. தம்பியின் சென்ட் அறை முழுக்கச் சுற்றியது. இருவரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள்.

"சார் இந்த மாதிரி சென்டெல்லாம் போடக் கூடாது," என்றாள் சிஸ்டர். "அதுலயும் சாராயம் கலந்திருக்கும். மாத்திரைக்கு ஆகாது."

"அப்ப வருஷா வருஷம் இவன் எனக்குக் குடுத்த பாட்டிலெல்லாம்..." லிஃப்ட்காரர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "தூக்கிப் போட்டுடலாமா சிஸ்டர்?"

"நல்லாத் தூக்கிப் போடுங்க," என்றாள் அவள். "பீரோவைத் திறந்தாலே தலை சுத்துது."

"உனக்குமா? உன் தம்பியாச்சேன்னு நான் சொல்லாம இருந்தேன்."

"நானும் நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லாம இருந்தேன்."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. தம்பி முகம் சுண்டைக்காயாகச் சுண்டிவிட்டது. ஆனால் ஒத்திகை தேறிவிட்டது.

கிளம்பும்போது அவள் சிஸ்டரைத் தனியாகப் பிடித்தாள். "சொல்லாம அடக்கினதெல்லாம் எங்க போகும் சிஸ்டர்? எனக்கு வெடிச்சுடும்."

"யார்கிட்டயாவது கொட்டிடுங்க. சார்கிட்ட மட்டும் வேணாம்."

இரண்டு பேரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

அவர் வீடு திரும்பியதிலிருந்து தம்பிக்கும் தினமும் காலையில் ஒரு வேளை மருந்து. வீட்டில் டம்ளர், வாக்கியம், நன்றி எல்லாம் முடிந்ததும் அவள் பஸ் ஸ்டாப்புக்கு வந்து போன் போடுவாள். குழாய், நாற்காலி, பிறந்தநாள், பீரோவுக்குப் பின்னால் கிடைத்த பாட்டில், கல்யாணத்தன்று நடந்தது, எல்லாவற்றையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவனைக் கேட்பாள், அவன்தான் குடித்துவிட்டு வந்த மாதிரி. ஆரம்பத்தில் அவன் புத்தி சொல்லிப் பார்த்தான். "உன் வேலை கேட்கிறது மட்டும்," என்று வாயை அடைத்துவிட்டாள். பிறகு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஷேவ் பண்ணிக்கொண்டு "ம்" கொட்டப் பழகிக்கொண்டான். நடுவில் ஒரு நாள், "நீ பல்லு விளக்குற சத்தம் கேட்குதுடா," என்று அதற்கும் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

பிறகு கணவர் திரும்ப வேலைக்குப் போகிற நாள் வந்தது. புதிதாகக் கட்டியிருக்கும் உயரமான கட்டடம், அதே குழி, அதே விளிம்பு. காலையில் மாத்திரையைக் கரைத்து நீட்டினாள். அவர் கை ஆடாமல் வாங்கினார். "இன்னிக்கு நான் குடிக்க மாட்டேன், அதுக்குத்தான் இது." குடித்து, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். "நன்றி," என்றாள். புதுச் சட்டையின் காலரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள், தையல் உறுதியா என்று. அவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

பஸ் ஸ்டாப்பில் போன் போட்டாள்.

"சொல்லுக்கா," என்றான் தம்பி. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "ம்... ம்... என்னக்கா, ஒண்ணையும் காணோம்? இன்னிக்குத் திட்டு இல்லையா?"

அவள் தேடிப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை. எல்லாம் காலியாகி, அடியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அது அத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"பயமா இருக்குடா," என்றாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை கைவசம் வைத்திருக்கிறவன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்க்கா," என்றான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒருத்தர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நன்றிடா," என்றாள். பஸ் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் ஏறிக்கொண்டாள்.