ஜென்சியின் பின்னல் சொன்ன சாட்சி

கீழ்க்கட்டளையில் ஆரோனின் மனைவி ஜென்சிக்கு ஐந்தாம் மாதத்தில் தலைமுடியின் நுனிகள் நீலமாக ஒளிர ஆரம்பித்தன. தோசை ஊற்றும்போது ஒளிரும், உடனே அணையும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒளிராது. ஆரோன் அதைக் கர்த்தரின் மகிமை என்று முடிவுசெய்து சர்ச்சில் எழுந்து சாட்சி சொன்னான். சபையார் அல்லேலூயா சொன்னார்கள். "மகிமைக்கு சண்டே லீவா?" என்று ஜென்சி மட்டும் கேட்டாள்.

ஜென்சி பள்ளியில் பிசிக்ஸ் நடத்துபவள். கதிர் பட்டால் மினுங்கும் பொருளுக்குச் சிண்டிலேட்டர் என்றும், வெளிச்சத்தை நுனிவரை கொண்டுபோகும் இழைக்கு ஆப்டிக் ஃபைபர் என்றும் பெயர். அவள் முடி இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்தது, அவ்வளவுதான். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தினகரனின் எக்ஸ்ரே சென்டர். ஞாயிறு விடுமுறை. கதிர் வெளியே கசியாமல் சுவர்களில் ஈயத்தகடு அடிக்க வேண்டிய அந்த மகானுபாவன், அருவிப் படம் போட்ட வால்பேப்பர் ஒட்டியிருந்தான். போய்க் கேட்டதற்கு, "ஷாம்பூவ மாத்திப் பாருங்க மேடம்" என்றான். புகாரின் பேரில் அதிகாரி கதிர் அளக்கும் மீட்டரோடு வந்த அன்று மெஷின் ரிப்பேர் என்றார்கள். கதிரே இல்லை என்று எழுதிவிட்டு அவர் காபி குடித்துப் போனார். வயிற்றில் பிள்ளையை வைத்திருப்பவளுக்கு வயிறு எரியாதா?

"சாட்சிதான வேணும்? இத எடுத்துட்டுப் போய் அங்க மாட்டுங்க" என்று ஜென்சி இடுப்புவரை இருந்த பின்னலை ஒட்ட நறுக்கி ஆரோன் கையில் கொடுத்துவிட்டு, தாம்பரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அது மகிமை இல்லை என்று ஆரோனுக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னலைக் கொண்டுபோய் சென்டரின் வெயிட்டிங் ஹாலில், காலண்டர் ஆணியில் மாட்டினான். உள்ளே ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் பின்னல் பளிச்சென்று எரிந்தது. கை உடைந்து காத்திருந்த ஆட்டோக்காரர் சவுரிமுத்து எழுந்து, "இன்னா சார், செவுரே ஒழுவிகினு கீது, ஷாம்பூன்றியே?" என்று கத்தினார். ஹாலே காலியானது. அந்த வாரமே நான்கு சுவரிலும் ஈயம் ஏறியது. பின்னல் அணைந்தது.

பெண் குழந்தை. தலை நிறைய முடி, கருகருவென்று, ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. ஜென்சி அதைத் தடவித் தடவி அழுதாள். பின்னல் இப்போது வாடகை வீடு பார்ப்பவர்களிடையே சிட்லபாக்கம், நாவலூர் என்று கைமாறிக்கொண்டிருக்கிறது. டு-லெட் போர்டுகளில் நல்ல தண்ணீர், கார் பார்க்கிங் என்பதற்குக் கீழே 'பின்னல் வைத்துப் பார்த்த வீடு' என்றும் எழுதுகிறார்கள். அப்படியென்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை.